முதுகில் ஒரு பை, கையில் 100 தினார்! பக்ரைன் தீவில் 5 நாட்கள்

"அந்த ஊர் எப்படித்தான் இருக்கும்?"

என் அக்காள் 14 வருடங்களாகக் கேட்டு வரும் கேள்வி இது.

அத்தானுக்கு பக்ரைனில் வேலை. பெரிய கட்டிடங்களுக்கு ஏ.சி. குழாய் பொருத்துகிறார். 2 வருடத்துக்கு ஒரு தடவை நெல்லைச் சீமையில் உள்ள எங்கள் ஊருக்கு வருவார். வந்த மறுநாளே அக்காள் இந்தக் கேள்வியைக் கேட்பாள். "என்ன இருக்கு? மணலும் வெயிலும்தான்" என்பார் அத்தான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"நீயாவது ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுடே" என்று அக்காள் என்னிடம் சொன்னாள். சென்ற குளிர்காலத்தில் போய் வந்தேன்.

நான் மும்பையில் ரெயில்வே குமாஸ்தா. வெளிநாடு போக இலாகாவின் அனுமதி வேண்டும். மனுப் போட்டு வாங்கினேன். ரெயில் பயணம் என்றால் பாஸ் உண்டு. கடலைத் தாண்ட பாஸ் ஏது? போனஸ் பணமும் சீட்டுப் பணமும் விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் போயிற்று. கைச்செலவுக்கு 100 தினார் மாற்றினேன். அதாவது, நம் பணத்தில் 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

முதுகில் ஒரு பை. அதில் 3 சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, அத்தானுக்கு அக்காள் கொடுத்து அனுப்பிய பருப்புப்பொடி. இவ்வளவுதான் மூட்டை!

மும்பையைவிடக் கொஞ்சம் பெரியது

மும்பையில் இருந்து விமானம் சுமார் 4 மணி நேரத்தில் போய்விடுகிறது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும்.

'பக்ரைன்' என்றால் அரபு மொழியில் 'இரண்டு கடல்' என்று பொருள். 30-க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 780 சதுர கிலோமீட்டர்தான். நம் மும்பை மாநகரைவிடக் கொஞ்சம் பெரியது. 1986-ல் சவுதி அரேபியாவுக்குக் கடல் மேலேயே 25 கிலோமீட்டர் பாலம் போட்டுவிட்டார்கள்.

மக்கள்தொகை 15 லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். இந்தியர்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல்!

விமான நிலையம் முகரக் என்ற தீவில் இருக்கிறது. தலைநகர் மனாமா அடுத்த தீவில். வெளியே டாக்சிக்காரர்கள் அழைத்தார்கள். நான் சிவப்பு நிற அரசு பஸ்சில் ஏறினேன். 300 பில்ஸ் வாங்கினார்கள். 1,000 பில்ஸ் சேர்ந்தது ஒரு தினார். பஸ்சில் ஏ.சி. உண்டு. ஆனால் நின்றுகொண்டே போக வேண்டிய கூட்டம் இல்லை. மும்பைக்காரனுக்கு அதுவே பெரிய அதிசயம்!

நம் ரூபாய் ஓடிய நாடு

மனாமாவில் 'பாப் அல் பக்ரைன்' என்று ஒரு வாசல் கட்டிடம். முன்பு கடல் இதன் அருகிலேயே இருந்தது. பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். வாசலுக்குப் பின்னால் பழைய கடைத்தெரு. சந்து சந்தாகத் துணிக்கடை, நகைக்கடை, மசாலாக்கடை. அங்கேயே ஒரு சின்ன லாட்ஜில் நாள் ஒன்றுக்கு 10 தினாருக்கு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்!

கடைத்தெருவில் தமிழும் கேட்கிறது. மலையாளமும் இந்தியும் வங்காளியும் கேட்கிறது. அதன் நடுவே ஒரு கிருஷ்ணன் கோவில். சிந்து தேசத்தில் இருந்து வந்த வியாபாரிகள் ஏற்படுத்தியது. சுமார் 200 வருடப் பழமை என்கிறார்கள்.

இன்னொரு செய்தி. ஒரு காலத்தில் இந்த நாட்டில் நம் ரூபாய்தான் செலாவணி! வளைகுடாவில் செல்வதற்கென்றே 1959-ல் நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டு வெளியிட்டது. 1965-ல்தான் தினார் வந்தது. அன்றைக்கு 10 ரூபாய் கொடுத்தால் ஒரு தினார். இன்றைக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும்! அந்த வித்தியாசத்தில்தான் நம் ஊர்களில் எத்தனையோ மாடி வீடுகள் எழும்பி இருக்கின்றன.

மறுநாள் அல் பாத்தே பெரிய பள்ளிவாசலுக்குப் போனேன். எந்த மதத்தினரும் பார்க்கலாம். கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஒரே நேரத்தில் 7 ஆயிரம் பேர் தொழுகை நடத்தலாம். பளிங்கு இத்தாலியில் இருந்து வந்ததாம். "கதவு எல்லாம் இந்தியத் தேக்கு" என்று சுற்றிக் காட்டியவர் சொன்னார். ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் அந்தக் கதவை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

முத்தும் கடனும்

3-வது நாள் முகரக் தீவுக்குத் திரும்பினேன். பக்ரைனில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

முத்துக்குளிப்பு என்றால் நமக்குத் தூத்துக்குடி நினைவு வரும். அரபு நாட்டில் அதற்குப் பேர்போன இடம் முகரக். முத்து வியாபாரிகளின் வீடுகள், படகுத் தலைவர் வீடு, முத்துக்குளிப்பவர் வீடு, கடற்கரை எல்லாவற்றையும் இணைத்து மூன்றரை கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். 2012-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வழி தவறாமல் இருக்க, உச்சியில் முத்துப்போல் வெள்ளை உருண்டை வைத்த விளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தபடியே சந்துகளில் நடந்து போகலாம்.

கோடையில் ஏறக்குறைய 4 மாதம் படகுகள் கடலிலேயே கிடக்கும். மூக்கில் ஒரு கவ்வி. காலில் கல் கட்டிய கயிறு. கழுத்தில் சிப்பி போடும் கூடை. மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போவார்கள். மேலே கயிறு பிடிப்பவர் இழுத்துத் தூக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை இப்படி.

எடுத்த முத்துக்குப் பெரிய சந்தை எது தெரியுமா? நம் மும்பைதான்! வளைகுடா முத்துகள் அன்றைய பம்பாய்க்கு வந்து, தரம் பிரித்து, துளை போட்டு, உலகமெல்லாம் போயின.

ஆனால் முத்தெடுத்தவர் பணக்காரர் ஆகவில்லை. காரணம், கடன்.

கடலுக்குப் போகும் முன்பு படகுத் தலைவர் முன்பணம் கொடுப்பார். அவரை 'நகோதா' என்பார்கள். அந்தப் பணத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு இவர்கள் போவார்கள். பருவம் முடிந்து முத்து விற்றதும் பங்கு பிரிப்பார்கள். முன்பணத்தைக் கழித்தால் பெரும்பாலும் மிச்சம் இருக்காது. பாக்கி அடுத்த வருடக் கணக்கில் ஏறும். கடன் தீரும்வரை வேறு படகுக்குப் போக முடியாது. கணக்குப் புத்தகம் நகோதா கையில். இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பன் கடன் மகன் தலையில் விழுந்ததும் உண்டு. நகோதாவே வியாபாரியிடம் கடன்பட்டவராக இருப்பார்.

1920-களில்தான் சீர்திருத்தம் வந்தது. முத்துக்குளிக்கும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்க உத்தரவானது. சில வருடங்களில் அந்தத் தொழிலே நொடித்துவிட்டது. ஜப்பானின் வளர்ப்பு முத்து ஒரு பக்கம், 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இன்னொரு பக்கம்! 1932-ல் பக்ரைன் மண்ணில் எண்ணெய் பீறிட்டது. முத்துக்குளித்தவர்களில் பலர் எண்ணெய் வேலைக்குப் போனார்கள்.

அத்தானின் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை அத்தானுக்கு விடுமுறை. காலையிலேயே லாட்ஜுக்கு வந்துவிட்டார். அவர் கம்பெனி கேம்பில் இருக்கிறார். ஒரு அறையில் 6 பேர். வெளி ஆட்கள் தங்க அனுமதி இல்லை.

வழக்கமாக வெள்ளிக்கிழமை என்ன செய்வார்? துணி துவைப்பார். சமைப்பார். கடைத்தெருவுக்கு வந்து பணம் அனுப்புவார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். 14 வருடமும் இப்படித்தான்.

"கோட்டை பார்த்திருக்கீங்களா அத்தான்?"

"இல்ல மாப்ள. 300 பில்ஸ் பஸ்சுக்குப் போகும். திரும்பி வர 300. கணக்குப் பார்த்தா ஊர்ல ஒருநாள் காய்கறிச் செலவு."

அவருடைய நண்பர் ஒருவர், நாகர்கோவில்காரர், கார் கொண்டு வந்தார். பெட்ரோலுக்கு நான் 5 தினார் கொடுத்தேன்.

முதலில் பக்ரைன் கோட்டை. 2005-ல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. மேலே தெரிவது போர்ச்சுக்கீசியர் காலத்துக் கோட்டை. அடியில் 4 ஆயிரம் வருடங்களுக்கு முந்திய 'தில்முன்' நகரம். டென்மார்க் அறிஞர்கள் 1950-களில் தோண்டத் தொடங்கினார்கள். சிந்து சமவெளியின் எடைக்கற்களும் முத்திரைகளும் இந்தத் தீவில் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்திலேயே நம் பக்கத்துக்காரன் இங்கே கப்பலில் வந்து வியாபாரம் செய்திருக்கிறான்!

கோட்டை மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வானளாவிய கட்டிடங்கள். அத்தான் கையை நீட்டினார்.

"அதோ மூணாவதா தெரியுதே, அதுல 20 மாடிக்கு நாங்கதான் குழாய் போட்டோம். உள்ளே எங்கே வளைவு, எங்கே வால்வுன்னு இப்பவும் சொல்லுவேன். வெளியே நின்னு இன்னைக்குத்தான் பார்க்கேன்."

முத்துக்குளித்தவர்களின் கடன் கதையை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் வரும்போது ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டினேன். வட்டியோட அதை அடைக்க 3 வருஷம். முதல் கம்பெனியில பாஸ்போர்ட்டு முதலாளி மேஜைக்குள்ள இருந்தது. அவங்களுக்குக் கணக்குப் புத்தகம், எனக்குப் பாஸ்போர்ட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

இந்த விஷயத்தை 14 வருடத்தில் எங்களில் யாரிடமும் அவர் சொன்னது இல்லை.

பாலைவனத்தில் வன்னி மரம்

மதியத்துக்கு மேல் தெற்கே போனோம். வழி எல்லாம் எண்ணெய்க் குழாய்கள். அப்புறம் வெறும் மணல். அந்த மணல் மேட்டில் தன்னந்தனியே ஒரு பெரிய மரம்!

'உயிர் மரம்' என்று அதற்குப் பெயர். சுமார் 400 வயது. 32 அடி உயரம். சுற்றிலும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பச்சைப் பசேல் என்று கிளை பரப்பி நிற்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. பஸ் மட்டும் இங்கே வராது.

அத்தான் இலையைப் பார்த்தார். "மாப்ள, இது வன்னி மரம்லா!" என்றார்.

உண்மைதான். நம் சிவன் கோவில்களில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி! எங்கள் ஊர்க் கோவிலிலும் ஒன்று உண்டு.

அத்தான் உடனே செல்போனில் அக்காளைக் கூப்பிட்டார். மரத்தைக் காட்டினார். "ஏட்டி, நம்ம கோவில் மரம் பாரு!" என்றார். பிறகு கோட்டையைப் பற்றிச் சொன்னார். 20 மாடிக் கட்டிடத்தைச் சொன்னார். நேற்றுவரை "மணலும் வெயிலும்தான்" என்று சொன்ன மனிதர், அரை மணி நேரம் விடாமல் பேசினார்! நானும் நாகர்கோவில்காரரும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டோம்.

செலவுக் கணக்கு

குமாஸ்தா அல்லவா? கணக்கு எழுதாமல் இருக்க முடியுமா?

லாட்ஜ் 4 இரவுக்கு 40 தினார். சாப்பாடு 12. பஸ் 3. அருங்காட்சியகக் கட்டணங்கள் 3. பெட்ரோல் 5. ஊருக்கு அல்வாவும் பேரீச்சம்பழமும் 9. ஆக மொத்தம் 72 தினார். மீதி 28 தினாருடன் திரும்பினேன். தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு தினாருக்கு வயிறு நிறைகிறது. டீ 100 பில்ஸ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. கோடை வெயில் கடுமையானது. கோடையின் உச்சத்தில் நண்பகல் 12 மணி முதல் 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நான் புறப்படும் முன்பு எங்கள் பகுதியில் ஒருவர், "விசிட் விசாவில் போங்க, அங்கேயே வேலை பிடிச்சுக்கலாம்" என்றார். இந்தப் பேச்சை நம்பி யாரும் போகாதீர்கள். சுற்றிப் பார்க்கத்தான் சுற்றுலா விசா. வேலை செய்து பிடிபட்டால் கேட்க நாதி இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், நம் வெளியுறவுத்துறையின் 'இ-மைக்ரேட்' பதிவில் அந்த ஏஜெண்டின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். அதற்கு மேல் கேட்டால், அது புதிய நகோதாவின் கணக்கு!

மற்றொன்று. உங்கள் அண்ணனோ, மச்சானோ, மகனோ வளைகுடாவில் இருக்கலாம். அடுத்த முறை அவர் போனில் பேசும்போது, பணம் வந்து சேர்ந்ததா என்பதோடு இதையும் சொல்லுங்கள்: "ஒரு வெள்ளிக்கிழமை 300 பில்ஸ் செலவு பண்ணி அந்த ஊரைப் பாருங்க. பார்த்துட்டு எங்ககிட்ட சொல்லுங்க."

அவர் கட்டிய ஊர் அது. ஒருநாள் அவர் அதை வெளியே நின்று பார்க்க வேண்டாமா?