போர் போடுவதற்கு ஆழம் மட்டும் போதுமா?



மறைந்த பெற்றோர் பெயரில் போர் போட்டுக் கொடுக்க விரும்பி அறக்கட்டளைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி போட்டால் நல்ல தண்ணீர் வரும்?" என்பதுதான். அடிக்கணக்கு மட்டும் இதற்குப் பதிலாகாது. பங்களாதேஷ் மக்கள் பட்ட அனுபவம் இதை நமக்கு விளக்கும்.

குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களில் அங்கே ஏராளமான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. 1993இல் அந்த நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருப்பது தெரிய வந்தது. பிறகு 3,534 கிணறுகளைச் சோதித்தார்கள். 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ளவற்றில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. அதைவிட ஆழமானவற்றில் சுமார் 1 சதவீதமே தாண்டின.

நிலம் அடுக்கடுக்காக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். மேலே உள்ள சாம்பல் நிற மணலில், மட்கும் தாவரப் பொருட்கள் இரும்புப் படிவைக் கரைத்து ஆர்செனிக்கை நீரில் விடுகின்றன. ஆழத்திலுள்ள பழுப்பு மணலின் இரும்புத்துரு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்கிறது. இடையிலுள்ள களிமண், நீரை மிக மெதுவாகவே கீழே விடுகிறது.

ஆனால் ஆழத்தில் அதிகமாக இறைத்தால் அங்கே நீரழுத்தம் குறைந்து, மேல்நீர் கீழே இழுக்கப்படும். எவ்வளவு காலத்தில் என்று அறிய ஆய்வாளர்கள் கணினியில் மாதிரி அமைக்கிறார்கள். நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நீரை எவ்வளவு விடும், அதில் அழுத்தம் எவ்வளவு என்று கொடுத்தால், நீர் செல்லும் பாதையும் வேகமும் கணக்கில் கிடைக்கும். மண்ணில் ஒட்டிக்கொள்ளும் மாசு, நீரைவிடத் தாமதமாகவே நகரும்.

ஹோலி மைக்கேல், கிளிஃபர்ட் வாஸ் ஆகியோர் 2008இல் வங்காளப் படுகைக்கு இப்படிக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஆழ நீரை வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுத்து, பாசனத்துக்கு மேல்நீரையே பயன்படுத்தினால், பாதிக்கப்பட்ட பகுதியில் 90 சதவீதத்துக்கும் மேல் 1,000 ஆண்டுகள் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பாசனத்துக்கும் ஆழத்திலிருந்தே இறைத்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

நம் பகுதியில் மாசு வேறாக இருக்கலாம். நீர் நகரும் விதி ஒன்றுதான். ஆகவே போர் போடுபவர்கள் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்:

1. எந்த அடியில் என்ன மண், என்ன பாறை வந்தது என்று எழுதி வாங்குங்கள்.
2. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து இயன்றவரை தள்ளிப் போடுங்கள்.
3. கேசிங் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடையுங்கள். அடைக்காவிட்டால், அடுக்குகள் தடுக்கும் மாசுக்கு நாமே வழி திறந்து விட்டதாகும்.
4. குடிக்கக் கொடுக்கும் முன்பும், பின்னர் ஆண்டுதோறும் நீரைச் சோதியுங்கள்.

தண்ணீர் வந்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அதை நம்பித்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.