மருந்தும் வெயிலும்

சென்ற தை மாதத்தில் எங்கள் பள்ளித் தேகப்பயிற்சி ஆசிரியரின் முகமும் கழுத்தும் புறங்கைகளும் தீப்பட்டவைபோல் சிவந்துவிட்டன. சட்டை மறைத்த இடங்களில் யாதொரு மாறுதலும் இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்காக அவர் 'டாக்சிசைக்ளின்' உட்கொண்டிருந்தார். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஸார்! நிறுத்திவிட்டேன்" என்றார்.

விஷயம் அதுவன்று. இம்மருந்து தோலிலும் சேர்கிறது. வெயிலின் புற ஊதாக் கிரணங்களை உறிஞ்சி, அந்தச் சக்தியால் அருகிலுள்ள உயிரணுக்களைப் புண்படுத்துகிறது. இது பெரும்பாலும் ஒவ்வாமையன்று, மிகைப்பட்ட வெயிற்புண்ணே. சாளரக் கண்ணாடியும் இக்கிரணங்களை முற்றிலும் தடுப்பதில்லை.

இக்குடும்பத்தின் முதல் மருந்தான 'ஆரியோமைசின்' 1948-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிசாலைக்குத் தலைமை வகித்தவர் சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்தை அச்சத்தால் பாதியில் விடுவது பேதைமை. நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

ஆகவே, இம்மருந்து உட்கொள்ளும் நாட்களிலும், முடிந்த சில தினங்கள் வரையிலும், நடுப்பகல் வெயிலைத் தவிர்த்திடுக. குடையும் முழுக்கைச் சட்டையும் துணையாகட்டும். தோல் சிவந்தால் உடனே டாக்டரைக் கேளுங்கள்.

எங்கள் நண்பரின் டாக்டர் மருந்தை நிறுத்தவில்லை, வெயிலைத்தான் நிறுத்தினார்!