படகுக்குப் புதிய கண்கள்

'தாரிணி' ஒரு பாய்மரப் படகு. கோவாவில் கட்டப்பட்டது. நீளம் 55 அடி. இந்தியக் கடற்படைக்குச் சொந்தமானது.

2017 செப்டம்பரில் 6 பெண் அதிகாரிகள் இந்தப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 2018 மே மாதம் கோவா திரும்பினார்கள். 2024 அக்டோபரில் தில்னா, ரூபா என்ற 2 பெண் அதிகாரிகள் மட்டும் இதே படகில் புறப்பட்டார்கள். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். இருவரும் 2025 மே மாதம் வெற்றியோடு திரும்பினார்கள்.

கடலில் சாலை கிடையாது. மைல்கல் கிடையாது. வழி கேட்க ஆளும் கிடையாது. அப்படியானால் வழி தெரிவது எப்படி?

அந்தக் காலக் கருவிகள்

முன்பு மாலுமிகளிடம் திசைகாட்டி இருந்தது. அது வடக்கு எது என்று காட்டும். செக்ஸ்டன்ட் என்ற கருவியும் இருந்தது. சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அது அளக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் படகு இருக்கும் இடம் தெரியும். ஆனால் வானத்தை மேகம் மூடிவிட்டால் அளக்க முடியாது.

இந்தக் காலக் கருவிகள்

ஜி.பி.எஸ். கருவி செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெறுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சைகை கிடைத்தால் படகு இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். மேகம் அதற்குத் தடையில்லை. அந்த இடத்தைக் கடல் வரைபடத்தின் மேல் காட்டும் திரையும் உண்டு.

ஆழம் காட்டும் கருவி கடலின் அடிக்கு ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கூறும். மீனவர்கள் இதை எக்கோ சவுண்டர் என்பார்கள்.

ஏ.ஐ.எஸ். என்பது கப்பல்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் கருவி. கப்பலின் பெயர், இடம், திசை, வேகம் எல்லாவற்றையும் வயர்லெஸ் மூலம் அறிவிக்கும். வெளிநாடு போகும் பெரிய கப்பல்களில் இது கட்டாயம். ஆனால் சிறிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் இது இல்லை. எனவே திரையில் படகு தெரியவில்லை என்றால் கடலில் படகே இல்லை என்று பொருள் அல்ல.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய படகில் புதிய கருவிகள் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். எல்லாக் கருவிகளும் சேர்ந்து 4 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி. 4 × 24 = 96 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி அளவுள்ள சாதாரண ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே இப்படி 2 பாட்டரிகளாவது வேண்டும். அவற்றைத் தினமும் சார்ஜ் செய்ய வழியும் வேண்டும். சூரியத் தகடு இதற்கு உதவும்.

அடுத்தது, கருவிகளுக்கு இடையே உள்ள தொடர்பு. பழைய கருவி அனுப்பும் செய்தி சில சமயம் புதிய கருவிக்குப் புரியாது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒலிபெருக்கியையோ மின் கருவியையோ திசைகாட்டியின் அருகில் பொருத்தக் கூடாது. முள் தவறான திசையைக் காட்டும்.

திரையை மட்டும் நம்பினால்

2014 நவம்பர் 29 அன்று ஒரு பந்தயப் படகு இந்தியப் பெருங்கடலில் சென்றுகொண்டிருந்தது. அதில் 9 பேர் இருந்தார்கள். நல்ல நவீனக் கருவிகளும் இருந்தன. ஆனாலும் மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள பவளத்திட்டில் இரவில் மோதியது. காரணம் என்ன? திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கினால்தான் அந்தத் திட்டு தெளிவாகத் தெரியும். போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. 9 பேரும் உயிர் பிழைத்தார்கள். படகு பலத்த சேதம் அடைந்தது.

கருவியே இல்லாவிட்டால்

2018இல் நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி ஓர் உலகப் பந்தயத்தில் தனியாகச் சென்றார். ஜி.பி.எஸ். பார்த்து வழி அறியக் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் விதி. செக்ஸ்டன்டையும் காகித வரைபடத்தையும் வைத்தே படகு ஓட்டினார். செப்டம்பர் 21 அன்று புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனால் ஆபத்துக் காலத்துக்கென்று செயற்கைக்கோள் கருவிகள் படகில் இருந்தன. அவற்றின் மூலம் செய்தி போனது. இந்தியக் கடற்படை விமானம் அவருடைய படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே பந்தயத்தில் 2023இல் அவர் 2ஆம் இடம் பிடித்தார்.

இரண்டு நிகழ்ச்சிகளும் கூறுவது ஒன்றுதான். புதிய கருவி உயிரைக் காக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டரி தீர்ந்தால் திரை இருண்டுவிடும். அப்போது கை கொடுப்பவை திசைகாட்டியும் காகித வரைபடமும்தான். புதியதைப் பொருத்துங்கள். பழையதை வீசிவிடாதீர்கள்.

நினைவில் வையுங்கள்: கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554.

யோசித்துச் சொல்லுங்கள்

1. கருவிகள் 3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பியர் மணி தேவை?
2. திரையில் தெரியாத படகைக் கண்டறிவது எப்படி?