காஞ்சிபுரம் பட்டு வணிகத்தில் கணினியும் இணையமும்: சிறு உற்பத்தியாளர்களுக்கான நடைமுறைக் குறிப்புகள்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை விற்பவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். காந்தி சாலையில் பெரிய கடை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா போன்ற பெயர்களில் இயங்கும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இன்னொரு வகை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் நாலைந்து தறிகளோ இருபது தறிகளோ வைத்துச் சேலை நெய்து, வீட்டிலிருந்தே விற்கும் சிறு உற்பத்தியாளர்கள் மூன்றாம் வகை. பெரிய கடைகள் கணினி வேலைக்கென ஆள் வைத்துக்கொள்ள முடியும். சங்கங்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை வழிகள் உண்டு. மூன்றாம் வகையினரிடம் பெரும்பாலும் ஒரு கைப்பேசியும், சில வீடுகளில் ஒரு பழைய கணினியும்தான் இருக்கும். இக்கட்டுரை அவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தறிக்கணக்கு

இணையத்தில் விற்பதைப் பற்றிப் பேசுமுன் கணக்கைச் சரிசெய்வது நல்லது. இத்தொழிலில் பணம் மட்டும் கைமாறுவதில்லை. பாவு, ஊடைப்பட்டு, ஜரிகை ஆகிய மூன்றும் எடைபோட்டு நெசவாளரிடம் தரப்படுகின்றன. அவை சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடைபோடப்படுகின்றன. இடையில் கூலி, முன்பணம், போனஸ் என்று வேறு வரவுசெலவுகள். ஒரு நோட்டில் இத்தனையையும் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் பழைய பாக்கி எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் வரும்.

எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகிய மூன்றில் எதுவானாலும் இதற்குப் போதும். பின்னிரண்டும் இலவசம். ஒரு வரியில் ஒரு நிகழ்வை மட்டும் எழுத வேண்டும் என்பதே முதல் விதி. தேதி, தறி எண், நெசவாளர் பெயர், என்ன கொடுக்கப்பட்டது அல்லது பெறப்பட்டது, எடை, தொகை, குறிப்பு என ஏழு பத்திகள் போதும். எடையை எப்போதும் கிராமிலேயே எழுதுக. ஜரிகையை மார்க் கணக்கில் வாங்கியிருந்தாலும் ஏட்டில் ஏற்றும்போது கிராமாக மாற்றிவிட வேண்டும். ஒரே பத்தியில் சில இடங்களில் மார்க்கும் சில இடங்களில் கிராமும் இருந்தால் கூட்டுத்தொகை தவறாக வரும். அந்தத் தவறு கண்ணுக்கும் எளிதில் தெரியாது. அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைக்கும் பழக்கமும் வேண்டாம். பிறகு பெயர்வாரியாகப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

கொடுத்த மொத்த எடையிலிருந்து சேலையின் எடையையும் திரும்பி வந்த மிச்சத்தையும் கழித்தால் கழிவு கிடைக்கும். இந்த எண்ணைக் கணினி துல்லியமாகக் காட்டும் என்பதாலேயே இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பட்டு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் நூல். பட்டு வணிகத்தில் 11 சதவீத ஈரப்பதத்தை இயல்பானதாகக் கொள்வது உலக வழக்கம். மழைக்காலத்தில் எடைபோட்ட பாவும், சித்திரை வெயிலில் எடைபோட்ட சேலையும் ஒரே கணக்கில் அடங்கா. பாவுக்குப் போடும் கஞ்சிக்கும் எடை உண்டு. ஆகவே சில கிராம் வித்தியாசத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும் ஏட்டை வைத்துக்கொண்டு நெசவாளர் மீது குற்றம் சாட்டுவது அநியாயம். குறிப்புப் பத்தியில் "மழை", "வெயில்" என்று ஒரு சொல் எழுதி வைத்தால் ஓராண்டில் உங்கள் தறிகளின் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

முன்பணக் கணக்கை நெசவாளருக்கும் தெரியும்படி வைப்பது நல்லது. கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு நெசவாளருக்கும் தனிக் கோப்பு வைத்து, பார்க்க மட்டும் உரிமை கொடுத்து அவருடைய கைப்பேசிக்கு இணைப்பை அனுப்பலாம். முழு ஏட்டையும் பகிரக் கூடாது. ஒருவருடைய கடன் மற்றவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கைப்பேசியில் ஷீட் திறக்கத் தெரியாதவருக்கு மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

சேலையைப் படமெடுத்தல்

இணைய விற்பனையில் வரும் சண்டைகளில் பல நிறம் பற்றியவை. காஞ்சிபுரச் சேலைகளில் பல, பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்யப்படுபவை. மயில் கழுத்து நிறம் நீலமா பச்சையா என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலத்தைக் கைப்பேசிகள் சில நேரம் வெறும் கருநீலமாக்கிவிடும்.

குழல்விளக்கின் கீழ் எடுக்காமல், நேர் வெயில் படாத சன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். பிளாஷ் போட்டால் ஜரிகை வெள்ளையாகப் பளிச்சிட்டு, சேலை மங்கிவிடும். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தே நிறம் சரியா என்று சொல்லிவிடலாம். கைப்பேசி தானாகச் செய்யும் அழகூட்டலை நிறுத்தி வையுங்கள். முந்தி, உடல், கரை, கோர்வை இணையும் இடம், பின்புறம் என ஐந்து படங்கள் எடுத்து, சேலையை மெல்ல அசைக்கும் பத்து விநாடி காணொளி ஒன்றையும் சேர்த்தால் இரட்டை நிறம் புரியும். பின்புறப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சேலை அறிந்த வாடிக்கையாளர் முதலில் கேட்பதே அதைத்தான்.

பெயரும் தேடலும்

இந்த ஊரின் பெயரைத் தேடுபவர்கள் ஒரே மாதிரி எழுதுவதில்லை. தமிழில் காஞ்சிபுரம், காஞ்சீபுரம் என்று இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில் நடுவில் ஓர் ஐ எழுத்து போடுபவர்களும், இரண்டு ஈ எழுத்து போடுபவர்களும் இருக்கிறார்கள். வட இந்தியர்களும் வெளிநாட்டவரும் பெரும்பாலும் "காஞ்சீவரம்" என்றே தேடுகிறார்கள். அது வெள்ளையர் காலத்து எழுத்து. சேலையைப் பற்றி எழுதும் விளக்கத்தில் இவற்றுள் இரண்டு மூன்று வடிவங்களாவது இயல்பாக வர வேண்டும்.

விலை, நீளம், எடை, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பவற்றைப் படத்தின் மேல் அலங்காரமாக எழுதி நிறுத்திவிடாமல், எழுத்தாகவும் தர வேண்டும். தேடுபொறி படத்துக்குள் இருப்பதை எப்போதும் சரியாகப் படித்துவிடும் என்று நம்ப முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டிய விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். ஒருங்குறியில்தான் எழுத வேண்டும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இப்போது கணினிகளிலும் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவுசெய்வதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்துவிட்டு மறந்துவிடுவதுதான் குறை. கோயில் நகரத்தில் வேலை நேரமும் வழியும் திருவிழாவைப் பொறுத்து மாறும். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது ஊரே ஸ்தம்பித்தது. அது 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. ஆனால் வைகாசி கருட சேவை ஆண்டுதோறும் வருகிறது. அந்த நாட்களில் கடை திறந்திருக்குமா, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் சென்னையிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வரும் குடும்பம் பாதி வழியில் திரும்பிப் போகாது.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

விளம்பரங்களில் மூன்று முத்திரைகள் ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. மத்திய பட்டு வாரியத்தின் கீழ் 2004இல் தொடங்கிய சில்க் மார்க், நூல் தூய பட்டு என்று மட்டும் சொல்கிறது. விசைத்தறியில் நெய்த தூய பட்டுக்கும் அது கிடைக்கும். 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்கிறது. புவிசார் குறியீடு, சேலை எங்கே எந்த முறையில் நெய்யப்பட்டது என்பதைக் குறிக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் இக்குறியீட்டைப் பெற்றது.

ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதால் ஊரில் உள்ள எல்லோரும் அந்தச் சின்னத்தை இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியல்ல. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வெளியூரில் விசைத்தறிச் சேலையைக் "காஞ்சீவரம்" என்று விற்கும் இணையக் கடைகளைக் கண்டால் முறையிடுவதற்கும் இந்தப் பதிவு கைகொடுக்கும்.

புதிய வடிவமைப்பை வெளியிடுமுன்

இங்குதான் சிறு உற்பத்தியாளர்கள் அறியாமலே இழக்கிறார்கள். அன்னம், மயில், மாங்காய், ருத்ராட்சம், தாழம்பூ, கோபுரம் போன்ற மரபு உருக்கள் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அவற்றைப் புதிதாக அடுக்கி அமைத்த ஒரு முந்தியை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வழியுண்டு. 10 ஆண்டுகள் பாதுகாப்பு, பிறகு 5 ஆண்டுகள் நீட்டிப்பு. நிபந்தனை ஒன்று: விண்ணப்பிப்பதற்கு முன் அந்த வடிவமைப்பு எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. தறியிலிருந்து இறக்கிய மறுநாளே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது வெளியீடாகிவிடும். பிறகு புதுமை என்று கோர முடியாது.

பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. பதிவு செய்யக்கூடிய வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு.

ஒவ்வொரு சேலைக்கும் பதிவு தேவையில்லை, கட்டுப்படியாகாது. பல தறிகளில் பல மாதங்கள் ஓட்டப்போகும் ஒன்றிரண்டு புது முந்திகளுக்கு மட்டும் செய்யலாம். கொல்கத்தாவில் உள்ள வடிவமைப்புப் பிரிவுக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மற்றவற்றுக்கு ஓர் எளிய தற்காப்பு உண்டு. முழு முந்தியையும் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, மிகத் தெளிவாக எடுத்த படம், ஜக்கார்டு வரைபவருக்கு நேரடி மாதிரியாகிவிடும். பொதுவில் போடும் படத்தைச் சற்றுச் சாய்வாக, மடிப்போடு, குறைந்த அளவில் போடுங்கள். முழுப் படத்தை விலை பேசும் வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்பலாம். படத்தின் மேல் கடைப்பெயரை எழுதுவதால் பெரிய பயன் இல்லை; அதை அழிப்பது இன்று சில விநாடி வேலை.

வாட்ஸ்அப்பும் பணமும்

வீட்டு எண்ணையும் கடை எண்ணையும் பிரித்துவிட்டு, கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்வது நல்லது. அதில் சேலைப் பட்டியல், தானாகச் செல்லும் பதில், "பணம் வந்தது", "அனுப்பியாயிற்று" போன்ற அடையாளச் சீட்டுகள் எல்லாம் இலவசம். இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை முதல் நாளே அமைத்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு ஓ.டி.பி.யை ஏமாந்து சொன்னாலே மொத்த வாடிக்கையாளர் தொடர்பும் திருடன் கைக்குப் போய்விடும்.

பட்டுக்கடைக்கென்றே தைத்தது போன்ற மோசடி ஒன்று உண்டு. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வரும். கல்யாணக் குடும்பங்களோடு தினமும் பேசுபவர் சந்தேகப்படாமல் திறந்துவிடுவார். அது கைப்பேசிக்குள் புகும் செயலி. அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும், செயலியாக வராது.

இன்னொன்று: ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, விலை பேசாமல் பத்து சேலைக்கு ஆர்டர் கொடுப்பவர். பணம் அனுப்ப கியூ.ஆர். குறியை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். பணம் வந்ததற்குச் சாட்சி வங்கிக் கணக்குதான். வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்படம் அல்ல. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடுமுன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.

வரி பற்றிச் சுருக்கமாக. பட்டுத் துணி 5007 என்ற தலைப்பில் 5 சதவீத ஜி.எஸ்.டி.க்கு உட்பட்டது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலே அது மாநிலம் கடந்த விற்பனை என்பதும், அதற்கு வேறு விதி என்பதும் பலருக்குத் தெரியாது. கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கணக்குகள் யார் பெயரில்?

இணையதளப் பெயர், கூகுள் வரைபடப் பதிவு, இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை உறவுக்காரப் பையனோ ஒரு நிறுவனமோ தங்கள் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுப்பது வழக்கம். பையன் வேலைக்கு வெளிநாடு போனதும் கடவுச்சொல்லும் போய்விடுகிறது. கடைக்கென ஒரு மின்னஞ்சல் தொடங்கி, எல்லாவற்றையும் அதன் பெயரில், உரிமையாளரின் கைப்பேசி எண்ணோடு வைக்க வேண்டும். உதவி செய்பவர்களுக்கு மேலாளர் உரிமை கொடுத்தால் போதும்.

ஜக்கார்டு அட்டைகளுக்கு அடிப்படையான வரைபடக் கோப்புகள் இப்போது கணினியில் இருக்கின்றன. அந்த வன்தட்டு பழுதானால் பல ஆண்டு வடிவமைப்புகள் ஒரே நாளில் போய்விடும். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி கழற்றி வைக்கும் வெளி வன்தட்டில், ஒரு பிரதி இணையச் சேமிப்பில் என்று மூன்றாக வையுங்கள். வெளி வன்தட்டைப் பிரதி எடுக்கும் நேரம் தவிரக் கணினியில் செருகி வைக்கக் கூடாது. பணயத் தீநிரல் தாக்கினால் செருகியிருக்கும் தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். கோப்புக்கு "புது டிசைன் 2" என்று பெயர் வைக்காமல், தேதி, தறி எண், உருவின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால், மூன்றாண்டு கழித்து ஒரு வாடிக்கையாளர் "அக்கா கல்யாணத்துக்கு எடுத்த அதே மயில் முந்தி" என்று கேட்கும்போது தேடி எடுக்கலாம்.