வீட்டு வாசலில் தொடங்கும் கணக்கு
குப்பையைப் பிரித்தலும் மைசூர் நகரின் அனுபவமும்

மைசூர் நகரின் குடியிருப்புத் தெருக்களில் காலை வேளையில் விசில் ஒலி கேட்டால் குப்பை வண்டி வந்துவிட்டது என்று பொருள். கர்நாடகத்தில் பௌரகார்மிகர் என்று அழைக்கப்படும் தூய்மைப் பணியாளர்கள் தள்ளுவண்டியுடன் வாசலில் வந்து நிற்கின்றனர். வீட்டார் இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து தருகின்றனர். ஒன்றில் காய்கறித் தோல், மீந்த சோறு, காப்பிச் சக்கை, வாடிய பூ. மற்றதில் காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி. சில நொடிகளில் முடிந்துவிடும் இச்செயலில் ஒரு நகராட்சியின் நிதிநிலை, தூய்மைப் பணியாளரின் உடல்நலம், ஊரின் எல்லையில் வாழ்பவர் குடிக்கும் நீர் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன என்பது உடனே புலப்படுவதில்லை.

2015 ஆகஸ்டில் 476 நகரங்களைக் கொண்டு வெளியிடப்பட்ட தூய்மைத் தரவரிசையிலும், 2016 பிப்ரவரியில் 73 நகரங்களைக் கொண்டு வெளியிடப்பட்ட தரவரிசையிலும் மைசூர் முதலிடம் பெற்றது. 2017 முதல் அவ்விடம் இந்தூருக்குச் சென்றது. இத்தகைய பட்டியல்களில் அளவுகோல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றுக்கு ஓர் எல்லைக்கு மேல் முக்கியத்துவம் அளிக்க வேண்டியதில்லை. மைசூரின் அனுபவம் ஆராயத் தக்கதாக இருப்பதற்குக் காரணம் வேறு. பிரித்த குப்பை என்ன ஆகிறது, பிரிக்காத குப்பை என்ன ஆகிறது என்னும் இரண்டையும் ஒரே நகரில் காண முடிகிறது.

பழைய வழக்கமும் புதிய குப்பையும்

குப்பையைப் பிரிப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துத் தெருத் தெருவாகச் சென்ற வணிகரை முந்தைய தலைமுறை நன்கு அறியும். செய்தித்தாளும் கண்ணாடிப் புட்டியும் காயலான் கடைக்குச் சென்றன. விலை கிடைத்த எதுவும் குப்பைத் தொட்டியை அடையவில்லை. எஞ்சியவை அடுப்புச் சாம்பல், சருகு, சாணம், சமையலறைக் கழிவு ஆகியவையே. அவை எருக்குழிக்குச் சென்றன.

நகரக் குப்பையை எருவாக்கும் அறிவியல் முறைகளும் இந்தியாவிலேயே உருப்பெற்றவை. ஆல்பர்ட் ஹோவார்டு 1924-க்கும் 1931-க்கும் இடையே இந்தூரில் வகுத்த முறை உலகெங்கும் அறியப்பட்டது. 1939-ல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா வகுத்த முறை, நகரக் குப்பையைக் குழிகளில் அடுக்கடுக்காக இட்டு மூடி மட்கச் செய்வது. பெங்களூர் முறை என்றே பாடநூல்களில் இடம்பெற்றது. இம்முறைகள் வகுக்கப்பட்ட காலத்துக் குப்பையில் பிளாஸ்டிக் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மாறியது மக்களின் பழக்கம் மட்டுமன்று, பொருள்களின் தன்மையும்தான். 1970-களில் கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவை அடைத்து விற்ற சிறு உறை, ஏழை எளியோருக்கும் எட்டும் விலையில் பொருள்களைக் கொண்டு சேர்த்த ஒரு வணிகப் புதுமை. பின்னர் எண்ணற்ற பொருள்கள் அவ்வகை உறைகளில் வந்தன. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறையை எந்தக் காயலான் கடையும் வாங்குவதில்லை. விலையற்ற பொருளைப் பிரிக்க வீட்டாருக்கும் வணிகருக்கும் ஊக்கம் இல்லாமற் போயிற்று. சந்தை விட்ட இடத்தில்தான் நகராட்சி நுழைய வேண்டியிருக்கிறது.

கலப்பினால் நேரும் இழப்பு

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கக் கூடியது, ஈரம் மிக்கது. உலர்ந்த குப்பையுடன் அது கலக்கும்போது இரண்டின் மதிப்பும் கெடுகிறது. சாம்பாரில் நனைந்த அட்டையைக் காகித ஆலை ஏற்பதில்லை. கழுவாத பால் உறை நாறி, மற்ற பிளாஸ்டிக்கின் விலையையும் குறைக்கிறது. மறுபுறம், தனியே வரும் காய்கறிக் கழிவு சரியான ஈரமும் காற்றும் கிடைத்தால் சில வாரங்களில் எருவாகிறது. குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டுவதால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிகின்றன. ஆனால் அதே குவியலில் பாட்டரியும் கண்ணாடித் துண்டும் இருந்தால் கிடைப்பது எருவன்று. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் நகரக் கம்போஸ்ட்டுக்குத் தரம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஒரு கிலோவில் காரீயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகுதல் கூடாது. வயலில் வெறுங்காலுடன் இறங்கும் விவசாயிக்கு இந்த ஆணை தெரிய வேண்டியதில்லை. ஒரு முறை கண்ணாடி குத்தினால் அடுத்த ஆண்டு அவர் வாங்க மாட்டார்.

கலந்த குப்பையை எரித்து மின்சாரம் பெறலாம் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டுள்ளது. தில்லியின் திமார்பூரில் 1987-ல் டென்மார்க்கின் உதவியுடன் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கும் ஆலை நிறுவப்பட்டது. அது சுமார் மூன்று வாரங்களே இயங்கியது. கிலோவுக்கு 1,460 கிலோ கலோரி அளவில் வெப்பத்திறன் இருக்கும் என்று கருதி வடிவமைக்கப்பட்ட உலைக்குக் கிடைத்த குப்பையில் அதில் பாதியளவே இருந்தது. எரிய வேண்டிய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழம்பொருள் சேகரிப்போர் முன்பே எடுத்திருந்தனர். எஞ்சியது ஈரமும் மண்ணும். வெளிநாட்டு இயந்திரத்தை வாங்குவதற்கு முன் உள்நாட்டுக் குப்பையை எடைபோட்டுப் பார்த்திருக்கலாம்.

எருவாகவும் எரிபொருளாகவும் ஆகாதது மேடாகிறது. காற்றில்லாத ஆழத்தில் அழுகும் ஈரக் குப்பை மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. மேட்டிலிருந்து வடியும் கரிய நீர் நிலத்தடிக்குச் செல்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பை மேடும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பை மேடும் தீப்பற்றின. கொச்சியில் புகை அடங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின.

கும்பாரகொப்பலும் வித்யாரண்யபுரமும்

மைசூரின் கும்பாரகொப்பல் பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே, சுற்று வட்டார வார்டுகளின் குப்பையைக் கையாளும் நிலையம் ஒன்று இயங்கி வந்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 5 டன் குப்பை அங்கு வந்தது. நகரின் மொத்தக் குப்பை 400 டன்னுக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவே. எனினும் முறை கவனத்துக்குரியது. பெண் பணியாளர்கள் உலர்ந்த குப்பையைப் பால் உறை, கெட்டிப் பிளாஸ்டிக், அட்டை, புட்டி, செருப்பு, தேங்காய்ச் சிரட்டை என்று பல வகைகளாகப் பிரித்து விற்பனைக்கு வைக்கின்றனர். ஈரக் குப்பை எருவாகி விவசாயிகளுக்குச் செல்கிறது. குப்பையை நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லும் செலவும் மிச்சமாகிறது. நகராட்சிகள் குப்பைக்காகச் செலவிடும் தொகையில் பெரும்பகுதி சேகரிப்புக்கும் போக்குவரத்துக்குமே போகிறது என்பதை அதிகாரிகள் அறிவர்.

இந்நிலையத்தின் வரவு செலவு, அங்குள்ள இயந்திரத்தைவிட அவ்வார்டுகளின் சமையலறைகளையே பொறுத்திருக்கிறது. ஒரு வீட்டில் வாழைப்பழத் தோலைத் தனிக் கூடையில் போட ஒரு நொடி கூடுதலாகத் தேவையில்லை. அதே தோல், உடைந்த கண்ணாடியும் முகச்சவர பிளேடும் குழந்தைகளின் அணையாடையும் கலந்த பையில் வந்தால், அதைப் பிரிப்பவர் நாள்முழுதும் கைகளை அக்கலவைக்குள் விட வேண்டியிருக்கிறது. அங்கு ஒரு ஊசி குத்தினால் அச்செலவு எந்த வீட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒருவர் செய்கையின் செலவைத் தொடர்பற்ற இன்னொருவர் சுமக்கும் நிலையைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பர். மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நகரின் மறுபுறம் வித்யாரண்யபுரத்தில் உள்ள கழிவுநீர்ப் பண்ணை வளாகத்தில் பெரிய கம்போஸ்ட் நிலையம் அமைக்கப்பட்டது. நகரின் கலந்த குப்பை ஆண்டுக்கணக்கில் அங்குக் குவிந்தது. துர்நாற்றத்தையும் ஈக்களையும் பற்றி அருகில் வசிப்போர் தொடர்ந்து முறையிட்டு வந்தனர். நாட்டின் தூய்மையான நகரம் என்ற பெயரும் இக்குவியலும் ஒரே மாநகராட்சிக்குள் ஒரே காலத்தில் இருந்தன. ஊர் தூய்மையாகத் தோன்றுவதும் குப்பை முறையாகத் தீர்க்கப்படுவதும் ஒன்றன்று.

சட்டத்தின் வளர்ச்சி

1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியாயின. குப்பையைப் பிரிப்பதை ஊக்குவிக்கும் பொறுப்பை அவை முதன்மையாக நகராட்சிகளிடம் அளித்தன. 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட விதிகள் பொறுப்பை வீட்டாரிடமும் சேர்த்து, மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. பயன்படுத்துவோர் கட்டணத்துக்கும் தண்டனைத் தொகைக்கும் இடமளித்தன. 2024 டிசம்பரில் வெளியான வரைவு, சுகாதாரக் கழிவையும் தனியே சேர்த்து நான்காக்கியது. காலாவதியான மருந்து, பாதரசம் கொண்ட குழல் விளக்கு, பாட்டரி, பெயிண்ட் டப்பா ஆகியவை அபாய வகையைச் சார்ந்தவை. மாதவிடாய்த் துணிகளையும் அணையாடைகளையும் காகிதத்தில் பொதிந்து தனியே தர வேண்டும். பால் உறையை ஒரு முறை அலசி உலர்த்துவது போதுமானது.

விதியைவிட விரைவில் மக்கள் கவனிப்பது வண்டியையே. பிரித்துத் தந்த இரண்டு கூடைகளும் தெருமுனையில் ஒரே லாரியில் கொட்டப்படுவதை ஒரு முறை கண்டுவிட்ட இல்லத்தரசி மறுநாள் பிரிக்க மாட்டார். அண்டை வீட்டாரிடமும் சொல்வார். அதன்பின் எத்தனை சுவரொட்டிகளும் பயன்படா. எனவே தடுப்புள்ள வண்டி, அல்லது இரு வகைக்கும் தனித்தனி நாள் என்ற ஏற்பாடு, பிரசாரத்துக்கு முன்னரே செய்யப்பட வேண்டியது.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது ஒப்பந்த முறை. பல நகரங்களில் குப்பை ஏற்றிச் செல்லும் ஒப்பந்ததாரருக்கு எடைக்கு ஏற்பப் பணம் வழங்கப்பட்டு வந்துள்ளது. எடைக்குப் பணம் என்றால் ஈரமும் மண்ணும் கட்டட இடிபாடும் வருவாயே. பிரித்த குப்பை, குறைந்த குப்பை ஆகிய இரண்டும் இழப்பே. வீட்டாரைப் பிரிக்கச் சொல்லும் அதே நகராட்சி, கலப்பவருக்குப் பணமளிக்கிறது. 2016-ல் மத்திய அரசு நகரக் கம்போஸ்ட்டுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தபோது ஊக்கம் முதன்முறையாக விளைபொருளின் பக்கம் திரும்பியது. பிரிக்கப்பட்ட ஈரக் குப்பையின் அளவு, விற்பனையான உலர்பொருளின் அளவு, மேட்டுக்குச் சென்ற எச்சத்தின் அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிந்து, கடைசி எண் குறையக் குறையத் தொகை உயருமாறு ஒப்பந்தங்களை எழுதுவது இயலும். அதற்குத் தேவைப்படுவது ஓர் எடைமேடையும், நேர்மையாக எழுதப்படும் ஒரு பதிவேடும்.