புது மீன் வந்தால் தனிக் குடித்தனம்!

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் ஏராளம். அங்கே தங்க மீன் வாங்குகிறவர்கள் பலர், வீடு வந்ததும் பையோடு தொட்டியில் கவிழ்த்துவிடுகிறார்கள். சில நாளில் பழைய மீன்களும் செத்து மிதக்கின்றன!

புது மீனோடு வெண்புள்ளி நோயும் வரலாம். உடம்பில் உப்பைத் தூவியதுபோல் இருக்கும். மற்ற மீன்களுக்கும் தொற்றும். ஆகவே 4 வாரம் தனியே வையுங்கள். காற்றுக் குழாய் போட்ட பெரிய பிளாஸ்டிக் டப் போதும்.

பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் டப்பில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு டப் தண்ணீரைப் பைக்குள் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு!

குழாய்த் தண்ணீரானால் குளோரின் முறிக்கும் மருந்து அவசியம்.

முதல் நாள் தீனி வேண்டாம். குழந்தைகள் கெஞ்சுவார்கள். கேட்காதீர்கள், ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது.