உங்களுக்குத் தெரியுமா? வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் இருவாச்சி

முட்டையிடும் காலம் வந்தால் பெரிய இருவாச்சியின் பெண் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்குச் செங்குத்தாக ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும் நாட்களில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். வாரக்கணக்கில் அதற்குச் சோறு போடுவது ஆண் பறவைதான். தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, பிளவின் வழியே ஊட்டும் பொறுமையை என்னவென்று சொல்வது! அந்த ஆணை ஒரு வேட்டைக்காரன் சுட்டுவிட்டால் மொத்தக் குடும்பமும் பட்டினிதான்.

மரங்கொத்தியைப் போல இருவாச்சியால் பொந்து குடைய முடியாது. உள்மரம் உளுத்துப்போன பெரிய மரங்களையே அது நம்பியிருக்கிறது. ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும். கேரளத்தின் வாழச்சால் காடுகளில் ஒருகாலத்தில் குஞ்சுகளை எடுத்துவந்த காடர் பழங்குடியினரே இன்று வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காக்கிறார்கள்.

ஆனைமலைப் பக்கம் போகும்போது கூட்டு மரம் கண்ணில் பட்டால் தள்ளியே நில்லுங்கள். ஆள் நின்றால் ஆண் பறவை இரையோடு கூட்டை நெருங்கத் தயங்கும்.